ரிஜெக்ட் ஷீட்டில் எழுதிய சாவுகள்

அந்தப் பழைய தாவல் வீடியோ கேமுக்கு மறுபடி உயிர் கொடுக்கப் போகிறேன் என்று என் தங்கை சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கையில் இருந்த சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு இதை யாராவது செய்வார்களா? விளக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு குள்ளன் பாறைக்குப் பாறை தாவுவான். முள் பட்டால் செத்தான். மூன்று உயிரும் போனால் முதல் கட்டத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மணிமங்கலத்தில் பள்ளிக்கூடம் போன நாட்களில் டிவியோடு கேசட் பெட்டியை இணைத்து ஆடியது. நான் இரண்டாம் கட்டத்தைத் தாண்டியதில்லை. அவள் முழுதாக முடித்தவள், அந்தத் திமிர் அவளுக்கு இன்றுவரை உண்டு.

ஆட்டத்தின் உரிமை வெளிநாட்டில் ஒரு கம்பெனியிடம் கிடந்தது. பல வருடமாக அவர்கள் அதைத் தொடவே இல்லை. இவள் விடாமல் எழுதி எழுதிக் கேட்டதில், மூன்று கட்டம் செய்து காட்டு, எங்கள் ஆட்களை உட்கார வைத்து ஆடச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். பென்னலூரில் ஒரு மாடி அறையில் அவளும் மூன்று நண்பர்களும் ஒன்றரை வருடம் அதற்காக உழைத்தார்கள். கம்பெனி வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது.

நான் ஒரகடத்தில் கார்களுக்கு ஒயரிங் செய்யும் ஃபேக்டரியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறேன். ஒரு பீஸ் ஏன் தப்பாக வந்தது என்று கண்டுபிடித்து, மறுபடி தப்பே வராதபடி செய்வது என் வேலை. ஒயரை மாற்றிச் செருகுகிறார்களா? ஆளைத் திட்ட மாட்டோம். மாற்றிச் செருகவே முடியாதபடி சாக்கெட்டின் வடிவத்தை மாற்றிவிடுவோம். பதினாலு வருடமாக இதைச் செய்து செய்து, வீட்டில் குழம்புக் கரண்டியைக்கூட அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

ஆட்டத்தைச் சோதிக்க ஆள் வேண்டும் என்று தங்கை கேட்டாள். என் ஷிப்டில் வேலை சுத்தமாகச் செய்யும் பெண்கள் ஏழு பேரை ஞாயிற்றுக்கிழமைகளில் வல்லக்கோட்டையில் என் வீட்டுக்கு வரவழைத்தேன். பழக்க தோஷம், தப்பான பீஸ்களைக் குறித்து வைக்கும் ரிஜெக்ட் ஷீட்டையும் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வரி. யார், எந்த இடம், என்ன காரணம், ஷீட்டின் கடைசிப் பத்தியில் ஆடியவர் சொன்ன வார்த்தை. டீ குடித்துக்கொண்டே காரணங்களைப் பேசி, திருத்த வேண்டிய பட்டியலைத் தங்கையிடம் கொடுப்பேன். இங்கே இடைவெளி அதிகம், பாறையை நகர்த்து. இந்த முள் எதற்கு, எடுத்துவிடு. முதலில் அவள் வாதாடினாள். நீ செய்ததை நீயே ஆடினால் நன்றாகத்தான் இருக்கும், ஆட்கள் விழுகிறார்களே, அதைப் பார் என்று அதட்டினேன். அவள் அலுத்துப்போயிருந்தாள். சொன்னதையெல்லாம் மாற்றினாள்.

கடைசி ஞாயிறு ஒரு சாவுகூட இல்லை. லைனில் ரிஜெக்ட் இல்லாத நாளில் எங்கள் ஃபேக்டரியில் ஸ்வீட் கொடுப்பது வழக்கம். நானும் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். தங்கையும் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

தங்கை அனுப்பியதை ஆட அந்தக் கம்பெனி உட்கார வைத்த ஆட்கள் அரை மணி நேரத்தில் மூன்று கட்டத்தையும் முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்களாம். அழகாக இருக்கிறது, ஆனால் இது எங்கள் ஆட்டம் இல்லை என்று பதில் வந்தது. இன்னும் பத்து நாள் தருகிறோம், அதுதான் கடைசி என்றும் எழுதியிருந்தார்கள்.

தங்கை நேராக என் வீட்டுக்கு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"இன்னாக்கா பண்ணி வச்சிருக்கோம்? ஒருத்தர் செத்தா உனக்கு அது ரிஜெக்ட். இதுல சாவணும்கா. செத்து செத்துக் கை பழகும் பாரு, அதுக்குத்தான் ஆடவே வராங்க. நீ அதையே எடுத்துட்ட. நானும் சரின்னு தலையாட்டிட்டேன்."

தப்பு என்னுடையதுதான். அவள் தன்னையும் சேர்த்துச் சொன்னது எனக்கு அதைவிட வலித்தது.

எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடு என்றேன். அதுவும் சரிப்படாது என்றாள். சில சாவுகள் நிஜமாகவே அவள் செய்த கோளாறு. எது கோளாறு, எது ஆட்டம் என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நான் ஷீட்டுகளை எடுத்துப் பரப்பினேன். ஷீட்டின் கடைசிப் பத்தியை ஃபேக்டரியில் ஒருவரும் படிப்பதில்லை, நானும் படித்ததில்லை. அன்றைக்குத்தான் படித்தேன். சில வரிகளில் 'அவசரப்பட்டுட்டேன்', 'கொஞ்சம் முன்னாடியே தாவிட்டேன்' என்று இருந்தது. சிலவற்றில் 'நான் அமுக்கினேன், அது தாவல', 'முள்ளே கண்ணுக்குத் தெரியல'. தன்னைத் திட்டிக்கொண்டவள் உடனே மறுபடி ஆட உட்கார்ந்திருக்கிறாள். ஆட்டத்தைத் திட்டியவள் எழுந்து டீ போட வந்திருக்கிறாள். அது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

இரண்டு நாள் லீவு போட்டுப் பென்னலூர் அறையில் உட்கார்ந்தேன். நான் ஒவ்வொரு வரியாகப் படிக்க, தன்னைத் திட்டிக்கொண்ட இடங்களில் எல்லாம் அவள் பழைய முள்ளையும் பள்ளத்தையும் திரும்ப வைத்தாள். மற்ற இடங்களில் திருத்தியதை அப்படியே விட்டாள். இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவில்லை. மதியத்துக்கு நான் கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைச் சாப்பிட்டோம்.

பதில் வரவேண்டிய நாளில் எனக்குப் பகல் ஷிப்ட். லைனுக்குள் போன் கூடாது, லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஷிப்ட் முடிந்து எடுத்துப் பார்த்தால் தங்கையிடமிருந்து பதினோரு மிஸ்டு கால். நல்ல சேதிக்கு இத்தனை தடவை கூப்பிட மாட்டாள் என்று நினைத்தேன். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் கூப்பிடத் தைரியம் வரவில்லை. ஆட்டம் ஆட வந்த ஏழு பேரில் ஒருத்தி பக்கத்துச் சீட்டில் இருந்தாள். பேசிடுக்கா என்று அவள்தான் சொன்னாள்.

தங்கை அழுதுகொண்டேதான் எடுத்தாள்.

"அவங்க ஆளு ஒருத்தர் மூணாவது கட்டத்துல அறுபது வாட்டி செத்துட்டாராம்கா. டைம் முடிஞ்சுது, எழுந்திருங்கன்னு சொல்லியும், இன்னும் ஒரே வாட்டின்னு உட்கார்ந்துகினே இருந்தாராம். முழு ஆட்டத்தையும் நம்மளையே பண்ணச் சொல்லிட்டாங்க."

பஸ் முழுக்க ஆட்கள் இருக்க, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவள் பயந்துபோய்த் தோளைப் பிடித்து, என்ன ஆச்சு என்று கேட்டாள். மூணாவது கட்டத்தில் ஒருத்தர் அறுபது தடவை செத்துவிட்டாராம் என்றேன்.

"எந்த எடத்துலக்கா?" என்று கேட்டாள்.