முப்பத்தெட்டுக் கட்டம்

வகுப்புக்குள் கால் வைத்ததும் பெருமாள்சாமி சார் பிள்ளைகளைப் பார்ப்பதில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து விரிக்கிறார், விரல் வைத்துத் தேடுகிறார், பிறகுதான் நிமிர்கிறார். "ராதா, சாப்ட்டியாம்மா? நாகேஷு, அப்பாவுக்கு முதுகு வலி எப்டி இருக்குது?"

அந்தத் தாளில் முப்பத்தெட்டுக் கட்டம். பெஞ்சில் ஓர் இடத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு பெயர். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் பதினாறு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர். அங்கே ஆளை மெஷினை வைத்துத்தான் தெரியும். தொண்ணூற்றெட்டில் பட்டறை ஓசூருக்குப் பெயர்ந்தது. தபாலில் படித்து வைத்திருந்த பி.எட். கைகொடுக்க, ஈஜிபுராவில் எங்கள் பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராக வந்து சேர்ந்தார். "மூஞ்சி நிக்காது சார் எனக்கு. எடம் நின்னுடும்" என்பார். தன் வகுப்புப் பிரகாஷை பஸ் ஸ்டாப்பில் பார்த்து, "தம்பி எந்த ஸ்கூலு?" என்று கேட்டவர் அவர்.

தலைமையாசிரியை மௌரீன் மேடம் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு டைப் அடித்த தாள் கொடுப்பார். மாணவர்களோடு நல்லுறவுக்குப் பன்னிரண்டு யோசனைகள். முதல் வாரத்திலேயே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வீட்டு நலம் விசாரியுங்கள். நாங்கள் அதில் வடை மடித்தோம். இவர் மனப்பாடம் செய்தார்.

இரண்டாம் வாரம் பிள்ளைகள் விளையாட்டை ஆரம்பித்தார்கள். கணக்குப் பீரியட் மணி அடித்ததும் ஏழாம் வகுப்பு மொத்தமும் இடம் மாறி உட்கார்ந்தது. வாயே திறக்காத சங்கமித்ராவின் இடத்தில் வாயே மூடாத வீணா. வீணாவின் இடத்தில் சங்கமித்ரா. அழைத்த பெயருக்கு அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து, அடுத்தவன் அப்பாவின் முதுகு வலிக்கு அன்றாட நிலவரம் சொல்வார். விடைத்தாளில் மட்டும் உண்மைப் பெயர். சங்கமித்ரா தொண்ணூறு வாங்கியபோது, "வாய் பாட்டுக்கு வாய், கை பாட்டுக்கு கை!" என்று அசந்துபோனார் மனுஷன்.

அடுத்த பீரியட் என்னுடைய தமிழ். நான் நுழையும்போது, பழைய இடத்துக்கு ஓடுகிற களேபரம் அடங்கியிருக்காது. சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை; தமாஷாக இருந்தது.

இதற்கிடையில் பிள்ளைகளுக்கு அவரை ரொம்பவே பிடித்துப்போனது. தினம் ஒருத்தர் விடாமல் விசாரிக்கிற வாத்தியாரை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை. யார் பெயரில் விசாரித்தால் என்ன?

செப்டம்பரில் பெற்றோர் கூட்டம். "ஒரு கம்ப்ளெயின்ட் வரக்கூடாது, மிஸ்டர் பெருமாள்சாமி. அதப் பார்த்துதான் உங்க கன்ஃபர்மேஷன்" என்று மேடம் சொல்லிவிட்டார். செய்தி வகுப்புக்கும் எட்டியது. குட்டு உடைந்தால் சாருக்கு வேலை போய்விடும் என்று பிள்ளைகள் முகம் வெளிறி நின்றார்கள்.

பெருமாள்சாமி சாருக்குப் பக்கத்து நாற்காலியில் மேடம்; அடுத்த மேஜையில் நான். எதிரே, கார்மென்ட்ஸ் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த லட்சுமம்மா. அவர் பின்னால், தரையைப் பார்த்தபடி மகள். பெஞ்சை விட்டு எழுந்த பிள்ளை சாருக்கு யாரோ ஒரு பிள்ளைதான்.

"பேரு?"

"சங்கமித்ரா சார்" என்றார் தாய்.

சார் கட்டத்தைத் தேடிப் பிடித்தார். முகம் மலர்ந்தது. "அட, நம்ம சங்கமித்ராவா! தங்கமான புள்ளம்மா. வாய் மட்டும் ஒரு நிமிஷம் மூடாது. சிரிச்சா நாலு கிளாஸுக்குக் கேக்கும்."

மேடத்தின் பேனா நின்றது.

"நெஜமாவா சார்? எம் பொண்ணா?" லட்சுமம்மா நாற்காலி நுனிக்கு வந்து, கன்னடம் கலந்த தமிழில் தொடர்ந்தார். "வூட்டுல கேட்டாக்கூட பதில் சொல்லாது சார். சொல்ப இன்னொரு தபா சொல்லுங்க!"

"ஒன் மினிட்" என்றார் மேடம். அவருக்குப் பள்ளியின் ஒவ்வொரு முகமும் தெரியும். "சங்கமித்ரா, கிளாஸ்ல பேசறது நீயா?"

வரிசையில் நின்றிருந்த வீணா மூச்சுக்கூட விடவில்லை. சங்கமித்ரா தலையைத் தூக்கினாள்.

"ஆமா மேடம், நான்தான். பீரியட் ஃபுல்லா பேசுவேன். பின்னாடி திரும்பிப் பேசுவேன். பிரகாஷ வம்புக்கு இழுப்பேன். சார் எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டேன். அவரு திட்டவே மாட்டாரு மேடம், அதான் ஜாஸ்தியா பேசறேன். நேத்துகூட..."

அவள் இந்தப் பள்ளியில் சேர்ந்து மூன்று வருஷம். அந்தக் குரலை அன்றுதான் கேட்டேன். மேடம் ஏதோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் விட்டார்.

"பாத்தீங்களா மேடம், இதத்தான் சொன்னேன்" என்ற பெருமாள்சாமி சார், சங்கமித்ராவைப் பார்த்து உதட்டின்மேல் விரலை வைத்தார்.