முதலில் நீட்டிய படம்

2013ஆம் ஆண்டு, ஐப்பசி அடைமழையில்தான் சந்திரலேகா முதன்முதலாக முத்துக்கண்ணனின் விளம்பர நிறுவனத்துப் படியேறினாள். அக்காள் மகனின் காதணி விழாவுக்குப் பேனர் அடிக்கச் சாக்கோட்டையிலிருந்து தந்தையுடன் காரைக்குடிக்கு வந்திருந்தாள். உறவினர் ஒருவர் முகமும் விட்டுப்போகக் கூடாது என்பது தந்தையின் கட்டளை. கணினித் திரையில் மாமன்மாரும் சித்தப்பாமாரும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, காது குத்திக்கொள்ளப்போகும் குழந்தை ஏதோ ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. அவள் சற்று நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு முத்துக்கண்ணனை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து, பெரியவர்களையெல்லாம் கீழே பந்தியில் அமர்ந்தவர்களைப் போல வரிசையாக்கினாள். குழந்தையை நடுவில் தூக்கி வைத்தாள். எவர் முகமும் குறையவில்லை. தந்தையும் தலையசைத்தார்.

"திங்கக்கெழம வேலைக்கு வந்துருத்தா" என்றார் முத்துக்கண்ணன். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள், வந்துவிட்டாள்.

எந்த வேலை வந்தாலும் அவள் முதலில் அந்த இடத்துக்குப் போய்ப் பேசாமல் நிற்பாள். எண்ணெய்க் கடை ஒன்றுக்காக ஒரு முற்பகல் முழுவதும் நின்றுவிட்டு வந்து, தூக்குவாளியின் விளிம்பில் விழாமல் தொங்கும் ஒற்றைச் சொட்டை வரைந்தாள். அந்தக் கடையின் பெயரை மறந்தவர்களும் சொட்டை மறக்கவில்லை.

நிறுவனத்தின் முக்கியமான தொழில் தந்திரமும் அவள் கண்டுபிடித்ததே. ஜவுளிக்கடையில் முதலில் விரிக்கும் சேலையை எடுத்துக்கொண்டு வருபவர் எவருமில்லை. இந்த ஊரில் எதையாவது ஒன்றைத் தள்ளினால்தான் மற்றொன்றை எடுக்க மனம் வரும். ஆகவே, நல்ல படத்தைக் காட்டுவதற்கு முன்னால் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் மட்டமான படம் ஒன்றைப் பளபளத்த தாளில் அச்சிட்டு நீட்டவேண்டும் என்றாள். புதுக் கட்டடத்தில் பொம்மை கட்டுவதைப் போல இது என்று சிரித்து, அதற்குத் திருஷ்டிப் படம் என்று பெயரும் வைத்தாள். மறுப்பையெல்லாம் அந்தப் படம் வாங்கிக்கொள்ளும்; அடுத்ததை வாடிக்கையாளர் தாமே தேர்ந்தெடுத்ததாக மகிழ்ந்து எடுத்துக்கொள்வார். பத்தாண்டுகளாக அது பிசகியதில்லை.

கோட்டையூர் உமையாள் ஆச்சி தம் பூர்விக வீட்டை விருந்தினர் விடுதியாக்க முடிவுசெய்து, அதற்கு ஒரு சின்னம் வேண்டும் என்று சொல்லியனுப்பினார். நிறுவனத்துக்கு அவ்வளவு பெரிய வேலை அதற்கு முன் வந்ததில்லை. "இது ஒன் படத்தால நமக்குக் கெடச்சா, போர்டுல எம் பேருக்குப் பக்கத்துல ஒம் பேரையும் எழுதிருவோம். இனிமே நீயும் நானும் கூட்டு" என்று முத்துக்கண்ணன் வாக்குக் கொடுத்தார். மதுரையிலிருந்து தேடிவந்த வேலையை அந்த ஒரு வார்த்தைக்காகவே வேண்டாமென்றாள் சந்திரலேகா.

ஆச்சி வீட்டுத் தலைவாசலில் நின்று பார்த்தால் நிலைக்குள் நிலையாகக் கதவுகள் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் பின்கட்டு வெயில் ஒரு துளியாகத் தெரியும். அதை வரைந்தாள். சுண்ணாம்பு வெள்ளை, மெல்லிய கோடுகள், நடுவில் அந்தத் துளி மட்டும் பொன்னிறம். முத்துக்கண்ணன் வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்து போனார். அவருடைய அக்காள் மகன் சிவபிரகாஷ், சென்னையில் வடிவமைப்புப் படித்துவிட்டு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான். அவனும் ஒன்று வரைந்தான். காரைக்குடி என்றதும் எல்லாரும் வரையும் தரைக்கல் பூ.

படங்களைக் காட்டும் நாளில் ஒரு கடையைப் படமெடுக்க வேண்டுமென்று அவளைச் சிவகங்கைக்கு அனுப்பினார் முத்துக்கண்ணன். மாலையில், ஆச்சிக்குப் பூதான் பிடித்துப்போயிற்று என்றார். தோல்வியை முறையாக ஏற்றுக்கொள்ளத் தெரிந்தவள் அவள். சிவபிரகாஷின் எழுத்துகளைச் சீராக்கித் தந்ததும், விடுதித் துண்டில் அச்சிட்டால் பூவின் இதழ்கள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க வழி சொன்னதும் அவள்தான்.

விடுதியின் பெயர்ப்பலகையை மாட்டிய பிறகு, வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க டவுன் பஸ் ஏறிக் கோட்டையூருக்குப் போனாள். ஆச்சி உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தார்.

"மொதல்ல ஒன்ன நீட்டுனாரு பாரு ஒங்க முதலாளி! பளபளன்னு தாளு, மஞ்சளும் பச்சையுமா அப்பி, கதவா கல்லாப்பெட்டியான்னே தெரியல. வேணாம்ப்பான்னு ஒடனே தள்ளிட்டேன். அத வரைஞ்ச புள்ளையப் பாத்தா ரெண்டு வார்த்த கேக்கணும்னு இருந்தேன்" என்று சொல்லி ஆச்சி சிரித்தார்.

சந்திரலேகா காப்பியைக் குடித்து முடித்தாள். தான்தான் வரைந்தவள் என்று சொல்லாமலே விடைபெற்றாள்.

திரும்பி வந்தபோது முத்துக்கண்ணன் தனியாக இருந்தார்.

"அண்ணே, கோட்டையூர்ல எத மொதல்ல காட்டுனீக?"

"ரெண்டையுந்தான் காட்டுனேன்."

"எத மொதல்லன்னு கேட்டேன்."

அவர் மௌஸை ஒதுக்கி வைத்தார். பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். அக்காளின் வற்புறுத்தல், பையனின் முதல் வேலை தோற்றுவிடக் கூடாதே என்ற கவலை. இரண்டையும் நேர்மையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆச்சி எதை எடுப்பார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவள் படத்தின் நிறத்தை மாற்றினார். பத்தாண்டுகளில் அவர் வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த மிகப்பெரிய பாராட்டு அந்த உருவத்தில் வந்தது.

"கேட்டிருந்தீகன்னா விட்டுக்குடுத்துட்டுப் போயிருப்பேன். அந்தப் படத்த எதுக்குண்ணே அசிங்கப்படுத்துனீக?"

அவர் அடுத்த மாதமே பலகையில் அவள் பெயரை எழுதிவிடலாம் என்றார். அவள் தன் பையை எடுத்துக்கொண்டாள். இன்று சாக்கோட்டையில், தன் வீட்டு முன்னறையில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு தனியாகத் தொழில் நடத்துகிறாள். வருபவர்களுக்கு ஒரே ஒரு படம்தான் காட்டுகிறாள். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள்.

அன்று வாசல்வரை போனவள் நின்று, முத்துக்கண்ணனிடம் கடைசியாக ஒன்று கேட்டாள்.

"ஆச்சி வீட்டுப் போர்ட மாத்தச் சொல்ல வேணாம். நான் வரைஞ்சது வரைஞ்ச நெறத்துலயே ஒன்ன அச்செடுத்து, ஆச்சிக்கிட்ட ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டுங்க. சிவபிரகாஷ அனுப்பாதீக. நீங்களே போங்கண்ணே."