வழி வாயில் இருக்கிறது

மூளைக் காய்ச்சலோடு (மூளையில் ஏற்படும் அழற்சி) சேலத்தில் பதினெட்டு நாள் படுத்திருந்தேன். காய்ச்சல் விட்ட அன்று கண்ணை மூடி, வீட்டிலிருந்த மகளை நினைத்தேன். பெயர் வந்தது. இடது புருவத்துக்கு மேல் மச்சம் இருப்பதும் ஞாபகம் வந்தது. முகம் வரவில்லை. வெறும் இருட்டு.

மறுநாள் அவள் வந்து நின்றதும் அடையாளம் தெரிந்தது. அவள் போனதும் மறுபடி இருட்டு.

இதை மனக்காட்சியின்மை (நினைப்பது மனத்துக்குள் படமாகத் தோன்றாத நிலை) என்றார் டாக்டர். சிலருக்குப் பிறவியிலேயே உண்டாம். "படம்தாம்மா போயிருக்கு, ஞாபகம் போகல," என்றார். திரும்பி வருமா என்று கேட்டேன். உறுதி சொல்லவில்லை.

நான் கொல்லிமலையில் கிராம சுகாதார செவிலியர். எடப்புளி நாடு என்ற மலைப்பகுதியின் சிதறிய ஊர்களுக்கெல்லாம் வழியைப் படமாகத்தான் மனத்தில் வைத்திருந்தேன். வேலைக்குத் திரும்பிய வாரமே, ஒன்பது வருடம் நடந்த பாதையில் பிரிவு தெரியாமல் ஒரு மிளகுத் தோட்டத்துக்குள் நின்று அழுதேன். அடிவாரத்தில் ஆபீஸ் வேலை கேட்கச் சொன்னார் கணவர். மூன்று மாதம் பார்க்கிறேன் என்றேன்.

அந்த மூன்று மாதமும் வழியை வார்த்தையாக்கினேன். நடந்தாலும் வண்டியில் போனாலும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவேன். எதிரே வந்தவர்கள் நான் ஜெபம் செய்வதாக நினைத்தார்கள்.

மார்கழியில் ஒரு காலை, நான் பார்த்துவந்த கர்ப்பிணி செல்விக்குப் பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் மலைக்குப் புதியவர். பனிமூட்டத்தில் ரோடே தெரியவில்லை, வண்டியை நிறுத்திவிட்டார்.

"மெதுவா எடுங்க, நான் சொல்றேன்," என்று ஜன்னலை இறக்கினேன். "பாலம் வரும், சத்தம் மாறும். முடிஞ்சதும் இடது. ரெண்டாவது பிரிவுல வலதுங்க."

சத்தம் மாறியது. இடது பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க சிஸ்டர், உங்களுக்கு மட்டும் தெரியுதுங்களா?"

"எனக்கும் ஒண்ணும் தெரியலீங்க. வழி வாயில இருக்குது."

அறுவை சிகிச்சையில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். நான் இடமாற்றம் கேட்கவில்லை.

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால், இழப்பே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். போன வருடமும் நேற்றும் எனக்கு இப்போது ஒரே தூரத்தில், சொற்களாகவே இருக்கின்றன. ஆனால் உடம்பு முன்பைவிடக் கவனமாகிவிட்டது. எந்தச் சரிவில் மூச்சிரைக்கும், எங்கே காற்று குளிரும் என்று அதற்குத் தெரிகிறது.

நேற்று செல்வியின் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டேன். இதை எழுதும்போது குழந்தையின் முகம் தோன்றவில்லை. அவளுடைய கனம் மட்டும் என் இடது முழங்கையில் அப்படியே இருக்கிறது.