துவைத்தால் நீளும் அங்கி

என் அத்தா ஐம்பதுகளின் தொடக்கத்தில் பம்பாயிலிருந்து கப்பல் ஏறி ஹஜ்ஜுக்குப் போய் வந்தார். திரும்பும்போது பேரீச்சம்பழம், ஜம்ஜம் தண்ணீர், தஸ்பீஹ் மணி எல்லாம் கொண்டுவந்து சொந்தக்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். தனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றுதான்: கழுத்திலிருந்து கால்வரை ஒரே வீச்சாக இறங்கும் வெள்ளைப் பருத்தி அங்கி. அரபிகள் அதைத் தோப் என்கிறார்கள். எங்கள் பாலக்கரை வீட்டில் அதற்கு மக்கத்து அங்கி என்று பெயர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கும் இரண்டு பெருநாளுக்கும் மட்டும் அதை உடுத்துவார். அத்தா ஆறடிக்கு மேல் உயரம். அந்த அங்கியோடு அவர் தெருவில் இறங்கினால் எதிரே வரும் குதிரை வண்டிக்காரன்கூட கடிவாளத்தை இழுத்து வண்டியை ஓரம் கட்டுவான்.

அங்கியைச் சலவைக்குப் போடுவதில்லை. கல்லில் அடித்தால் கழுத்துப் பட்டன் உடையும் என்று அம்மாவே துவைப்பார். பூந்திக்கொட்டையை இரவே ஊறவைத்து, காலையில் அந்த நுரையில் முதலில் கழுத்துப் பட்டியைக் கசக்குவார். பிறகு மூன்று தண்ணீர். கடைசித் தண்ணீரில் நீலம் போட்டது தெரியாத அளவுக்கு நீலம். கஞ்சி கிடையாது, நடக்கும்போது சரசரக்கிறது என்று அத்தா ஒருமுறை சொன்னதிலிருந்து விட்டுவிட்டார். உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி நிழலில் காயப்போட்டு, கொட்டாங்கச்சிக் கங்கு போட்ட இஸ்திரிப் பெட்டியால் ஈரத்துணியை மேலே விரித்துத் தேய்ப்பார். அத்தரைத் துணியில் தடவ விடமாட்டார், மஞ்சள் கறை விழும். பஞ்சில் நனைத்து அத்தாவின் காதில் செருகிவிடுவார்.

அங்கி கரண்டைக்கு, அதாவது கணுக்காலுக்கு, கீழே தொங்கக் கூடாது. அது மார்க்க விஷயம், அத்தா அதில் கண்டிப்பானவர். ஆனால் மூன்று நான்கு வருடம் போனதும் அங்கி கரண்டையைத் தொட்டது, பிறகு தாண்டியது.

"என்ன இது, தெருவைக் கூட்டுது?" என்றார் அத்தா.

"துணி நீண்டுடுச்சுங்க. மக்கத்து நூலு, தண்ணி பட்டா நீளுது" என்றார் அம்மா.

"நனைஞ்ச தோலு மாதிரியா?"

"அதேதான்."

அத்தா தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவர். ஈரத்தில் இழுபடும் தோலையே வாழ்நாளெல்லாம் கையில் பிடித்தவருக்கு அதில் சந்தேகமே வரவில்லை. "வெட்டிப் போடேன்" என்றார்.

"வெட்டிப்புட்டு, பெறகு சுருங்கிச்சுன்னா? முழங்கால் தெரிய ஜும்ஆவுக்குப் போவீங்களா?"

ஒவ்வொரு நோன்புக்கு முன்பும் அத்தாவைக் கதவோரம் நிற்கவைத்து, அம்மா கீழே உட்கார்ந்து அரை விரற்கடையோ அதற்கும் குறைவாகவோ உள்ளே மடித்துத் தைப்பார். அப்போது நான் கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சமையலறையில் கேட்டேன்: "ஏம்மா, பருத்தி நனைஞ்சா சுருங்கத்தானே செய்யும்?"

அம்மா அகப்பையை என் பக்கம் நீட்டினார். "உன் படிப்பைக் காலேஜோட வெச்சுக்க. அவரு குறுகிட்டு வர்றாரு. அது அவருக்குத் தெரிய வேணாம். வாயைத் தொறந்தே, சோறு கிடையாது."

நான் சிரித்தேன். சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அம்மா இறந்துபோனார். அக்கா கல்யாணமாகி வையம்பட்டிப் பக்கம் இருந்தாள். வீட்டில் நானும் அத்தாவும்தான். நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். காலையில் டவுன் பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டினால் சாயங்காலம்தான் திரும்புவேன். அத்தா மண்டிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். நான் வடித்து வைத்துவிட்டுப் போன சோற்றை மத்தியானம் தனியாகச் சாப்பிடுவார். நான் வந்ததும் இருவரும் டீ குடிப்போம். பேச்சு இருக்காது. வீட்டில் பேசிக்கொண்டிருந்தது அம்மா ஒருவர்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. இன்று அதே வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். பிற்பாடு எனக்கும் கல்யாணம் ஆகி, மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இங்கே நான் எழுதுவதை அவளிடம்கூடச் சொன்னதில்லை.

அங்கியைத் துவைக்கும் வேலை எனக்கு வந்தது. ஏனோதானோ என்று செய்தேன். நோன்பு வந்தது. மடித்துத் தைக்கவில்லை. மறந்துவிடவில்லை, நினைவிருந்தது. ஊசியை எடுத்துக்கொண்டு அத்தாவின் காலடியில் உட்கார எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. தையற்காரரிடம் கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அத்தா இடது கையால் அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி பள்ளிவாசலுக்கு நடந்தார். சில மாதம் கழித்து ஒருநாள், "இனிமே தொவைக்காதே. தொவைக்கத் தொவைக்க நீளுது. மடிச்சுவிட அவளும் இல்லை" என்றார்.

அப்போதாவது நான் ஊசியை எடுத்திருக்க வேண்டும். "சரி" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போனேன்.

மூன்று நான்கு மாதத்தில் கழுத்துப் பட்டி பழுப்பேறியது. கீழ் ஓரம் தெருப்புழுதியில் கறுத்தது. வேர்வை வாடை அடித்தது. பள்ளிக்கூடம் இல்லாத வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆவில் அவர் பக்கத்தில் நிற்க வெட்கப்பட்டு, வேண்டுமென்றே தாமதமாகப் போய் கடைசி வரிசையில் நின்றேன்.

இந்தச் சமயத்தில் ஒரு விடுமுறை வெள்ளிக்கிழமை, தொழுதுவிட்டு நான் முன்னதாகவே திரும்பியிருந்தபோது, என்னோடு வேலை பார்த்த சமஸ்கிருத வாத்தியார் விடைத்தாள் கட்டை வாங்கிப்போக வீட்டுக்கு வந்தார். ஸ்ரீரங்கத்து ஐயங்கார். எங்கள் வீட்டில் டீ குடிக்கமாட்டார் என்று தெரியும், இலையில் வாழைப்பழம் வைத்தேன். அத்தா தொழுகை முடிந்து அங்கியோடு உள்ளே வந்தார்.

"பெரியவர் அங்கி ரொம்ப கம்பீரமா இருக்கே" என்றார் நண்பர்.

அம்மா போனபிறகு அத்தா அவ்வளவு உற்சாகமாகப் பேசி நான் பார்த்ததில்லை. கப்பலைச் சொன்னார், மக்கத்துக் கடைத்தெருவைச் சொன்னார். "அருமையான துணிங்க. ஒரே குறை, தொவைச்சா நீளும். எங்க வீட்டிலே வருஷா வருஷம் மடிச்சுத் தைப்பாங்க. இப்ப அதுக்கு ஆளில்லை, அதான் தொவைக்கிறதில்லை. அழுக்கா இருக்குன்னு நினைக்காதீங்க."

நண்பர் பழத்தை உரித்துக்கொண்டே, "உண்டே! எங்காத்திலே ஒரு சோமன் வேஷ்டி, ஒரு தடவை நனைச்சா அரை முழம் கூடிடும். பெருமாள் பிரபந்தம் சேவிச்சாலும் சுருங்காது" என்றார். அத்தா வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் சிநேகிதர் முன்னால் அழுக்கு அங்கியோடு நின்று அவர் உளறுவதாகத் தோன்றியது. கணக்கு வாத்தியார் வீட்டில் இப்படியா என்றும் இருந்திருக்கலாம்.

"சார், நம்பாதீங்க. எந்த ஊர்ப் பருத்தியும் நனைஞ்சா நீளாது. அத்தாதான் குட்டையாயிட்டாரு. மூணு விரற்கடை. அம்மா சும்மா ஏதோ சொல்லி ஏமாத்திக்கிட்டிருந்தாங்க" என்றேன். சொல்லிவிட்டு நானும் சிரித்தேன்.

நண்பர் பாதிப் பழத்தை இலையில் வைத்துவிட்டு எழுந்தார். "வரேன் பெரியவரே" என்று அத்தாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார். திங்கட்கிழமை பள்ளியில், "அன்னிக்கு நீங்க சொன்னது நிஜம்தான் சார். ஆனா சொல்லியிருக்க வேண்டாம்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே அத்தா கேட்டார்.

"உங்கம்மா தெரிஞ்சேதான் சொன்னாளா?"

"ஆமாங்கத்தா."

"எத்தனை வருஷம்?"

"ஏழெட்டு வருஷம் இருக்கும்."

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

அங்கியைக் கழற்றி மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்றார். அதற்கடுத்த வெள்ளியும் போகவில்லை. மூன்றாவது வெள்ளியும் வீட்டிலேயே தனியாக ளுஹர் என்ற மத்தியானத் தொழுகையைத் தொழுதார். தொடர்ந்து மூன்று ஜும்ஆவை விடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்குச் சிறு வயதில் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். வேறு சட்டை போட்டுக்கொண்டு போகலாமே என்றேன். அவர் தொழுகைப் பாயைச் சுருட்டி வைத்தார்.

ஒரு விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்து அவர் கையேந்திக்கொண்டிருந்தார். நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். வழக்கமாக வாய்க்குள் முணுமுணுப்பவர், அன்று குரல் கேட்டது. "எட்டு வருஷம் பொய் சொல்லிட்டா, ரப்பே. என்னாலேதான் சொன்னா. அதை அவ கணக்கிலே வெச்சுடாதே."

குட்டையாகிவிட்டதற்காக அவர் முடங்கியிருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் மனைவிக்காகப் பயந்துகொண்டிருந்தார். மண்ணுக்குள் இருப்பவள் எட்டு வருடப் பொய்க்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று. அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தவன் நான்.

அன்றே பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். 

"புருஷன் மனசு நோகக் கூடாதுன்னு பொண்டாட்டி சொல்றது அந்தப் பொய்யிலே சேராது. அதுக்கு இடம் இருக்கு. போய்ச் சொல்லுங்க. வாத்தியாரே, இதைக் கேட்க இவ்வளவு நாளாச்சா உங்களுக்கு?"

வீட்டுக்கு வந்து அத்தாவிடம் சொன்னேன்.

"ஹஜ்ரத்தே சொன்னாரா?"

"ஆமா."

"அப்ப அவளுக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்லைங்கத்தா."

டிரங்குப் பெட்டியைத் திறந்து அங்கியை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு, "நாளன்னிக்கு ஜும்ஆ. தொவைச்சுப் போடு" என்றார்.

வியாழக்கிழமை பள்ளிக்கு லீவு போட்டேன். அம்மாவின் பழைய மடிப்புகளில் அழுக்கு ஏறியிருந்ததால் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு நனைத்தேன். மூன்று தண்ணீர் போதவில்லை. ஐந்து தண்ணீர் மாற்றினேன். திருப்பிப் போட்டு, நிழலில் காயவைத்து, தேய்த்து முடித்தபோது மாலை ஆகிவிட்டது. அத்தா தானாக வந்து அங்கியை உடுத்திக்கொண்டு கதவோரம் போய் நின்றார். நான் ஊசியும் நூலுமாக அவர் காலடியில் உட்கார்ந்தேன். விளிம்பு கால்விரல்மேல் கிடந்தது. கரண்டைவரை தூக்கி, விரல் வைத்து அளந்தேன்.

"எவ்வளவு?" என்று மேலிருந்து கேட்டார்.

துணி நீண்டுவிட்டது என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருக்கமாட்டார். ஆனாலும் சொல்லியிருக்கலாம். இல்லாவிட்டால் ஒன்று என்றாவது சொல்லியிருக்கலாம். ஹஜ்ரத் சொன்ன இடம் மனைவிக்கு மட்டும்தான், பிள்ளைக்கு இல்லை என்று மனசுக்குள் ஒரு வாதம் வைத்திருந்தேன். அது வெறும் சாக்கு. எனக்கு அம்மாவைப் போலப் பேச வரவில்லை.

"நாலு விரற்கடை" என்றேன்.

"அன்னிக்கு மூணுன்னு சொன்னியே."

"நாலுங்கத்தா."

"சரி. தை."

ஊசியில் நூல் கோக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. அவர் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றார்.