சேட்டுப் பொக்கற்றில் எண்ணெய்

தர்மபுரத்திலிருந்து அக்காவை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து ஒன்பதாவது நாள். அவருடைய நுரையீரல் இறுகிப்போயிருந்தது. இனிச் சுகம் வராது என்று சொல்லியிருந்தார்கள். அவர் குடித்த தண்ணீரையும் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதையும் நேரம் போட்டுக் கொப்பியில் எழுதி வந்தேன்.

காலை 9.40க்கு வைத்தியர் என்னை வாட்டுக்கு வெளியே கூப்பிட்டார். மூச்சு நிற்கும் நிலை வந்தால் தொண்டையில் குழாய் விட்டு மெஷினில் போடுவதா, அப்படியே விடுவதா என்று கேட்டார். போட்டாலும் நோய் மாறாது என்றார்.

"பின்னேரத்துக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்கோ."

கொப்பியில் 9.40க்கு எதிரே எதையும் எழுத என்னால் முடியவில்லை. வேண்டாம் என்றால் அக்காவை நானே கொன்றதாகுமோ? மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்த 'கொலை செய்யாதே' என்ற ஐந்தாம் கட்டளை நெஞ்சில் இடித்தது.

பங்குச் சுவாமியாருக்குப் போன் எடுத்தேன். எங்கள் கத்தோலிக்க ஆட்கள் நோயாளியிடம் சுவாமியாரை இலேசில் கூப்பிடுவதில்லை. செபித்து எண்ணெய் பூச வந்துவிட்டார் என்றால் தன் கதை முடிந்தது என்று நோயாளி நினைத்துவிடுவார். அதனால் அங்கி போடாமல் சாதாரணச் சேட்டுப் போட்டு, எண்ணெய்ச் சிமிழை அதன் பொக்கற்றில் வைத்துக்கொண்டு வரச் சொன்னேன். அக்கா நித்திரையாகும்போது பூசலாம் என்பது என் திட்டம்.

வாட்டு வாசலில் அவரிடம் என் கேள்வியைக் கேட்டேன்.

"சுகப்படுத்தாமல் உபத்திரவத்தை மட்டும் கூட்டுற மெஷினை வேண்டாமெண்டுறது கொலை இல்லை. தண்ணி, சாப்பாடு, நோவுக்கு மருந்து, அதுகளைத்தான் விடக்கூடாது. அக்காவைக் கேட்டனீங்களோ?"

"இல்லை சுவாமி. அவா பயந்துபோவா."

"ஆர் பயப்பிடுறது?"

உள்ளே அக்கா விழித்திருந்தார். சுவாமியாரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சுவாமி, சேட்டோட... கலியாண வீட்டுக்கோ போறியள்?" என்றார், மூச்சு வாங்கி வாங்கி. பிறகு என் பக்கம் திரும்பினார். "எண்ணெய் பொக்கற்றுக்குள்ளதானே?"

வைத்தியர் கேட்டதைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். அக்கா கையைக் காட்டி என்னைக் கிட்ட வரச் சொன்னார்.

"மெஷின் வேண்டாம். ஆனா தம்பி, மூச்சு முட்டேக்க என்னைத் தனிய விட்டிட்டுப் போயிடாதை. எனக்கு அதுதான் பயம்."

ஒன்பது நாள் கொப்பியில் அந்தப் பயம் ஒரு வரியிலும் இல்லை.

சுவாமியார் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினார். 3.15க்கு வைத்தியரிடம் அக்காவின் முடிவைச் சொன்னேன். திரும்பி வந்து கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டேன். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் நேரம் நீண்டபோதெல்லாம் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன். என் வலக்கையை அவர் பிடித்திருந்தார். அன்று அதன் பிறகு கொப்பியில் எதுவும் எழுதவில்லை.