பெரிய காயிலை மாட்டிய காலை

போன வருஷம் ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த சமயம் நடந்தது இது. ஏற்காட்டில் நானும் என் கணவரும் பைப் லைன் வேலை செய்கிறோம். எஸ்டேட்டுகளில் பழைய இரும்புக் குழாய் எந்த வழியாகப் போகிறது, மண் மூடிப்போன வால்வு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் நினைவிருக்காது. அதைத் தேடத்தான் ஒரு மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கிறோம். அவர் குழி வெட்டி பைப் மாட்டுவார். மெஷின் பிடிப்பது என் வேலை.

முந்தின நாள் அவர் சாமான் வாங்க சேலத்துக்குப் போயிருந்தார். மலைப்பாதையில் மரம் விழுந்து அடிவாரத்திலேயே மாட்டிக்கொண்டார். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், எனக்கு ஒரு போன். தலைச்சோலைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருப்பவர். முன்பு அவருக்கு ஒரு வால்வைத் தேடிக் கொடுத்திருக்கிறேன்.

"அக்கா, மெஷின எடுத்துக்கிட்டு ரெடியா இருங்க, ஜீப் அனுப்பறேன். மண்ணு சரிஞ்சு ஒரு ஆளு உள்ள மாட்டிக்கிட்டாருங்க."

எஸ்டேட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு விவசாயி. ஓடையில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து, மோட்டாரைக் கழற்றிவிடலாம் என்று கரையில் இருந்த மோட்டார் ரூமுக்குப் போயிருக்கிறார். மேலே இருந்த சரிவு மொத்தமாக இறங்கி ரூமோடு அவரையும் மூடிவிட்டது. மோட்டார் கிடக்கும் இடம் தெரிந்தால் அவர் இருக்கும் இடமும் தெரிந்துவிடும் என்பது ரைட்டரின் கணக்கு. தீயணைப்பு வண்டியோ விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

ஜீப்பில் போகும்போதே மெஷினைப் பூட்டத் தொடங்கினேன். டிடெக்டரின் நுனியில் தட்டு மாதிரி வட்டமாக ஒன்று இருக்கும். காயில் என்போம். அதைத் தரைக்கு மேலே ஆட்டிக்கொண்டே போனால், அடியில் இரும்பு இருக்கும் இடத்தில் சத்தம் வரும். என்னிடம் இரண்டு காயில் இருந்தன. சின்னது பழகிய கை மாதிரி. ஆணி இருந்தாலும் இடத்தைச் சரியாகக் காட்டும், ஆனால் அதிக ஆழம் போகாது. பெரியது புதிதாக வாங்கியது. பெரிய சாமானாக இருந்தால் நல்ல ஆழத்தில்கூட எட்டிப் பிடிக்கும். ஆனால் எங்கள் செம்மண்ணில் இருக்கும் இரும்புச் சத்துக்கே அது கத்தத் தொடங்கிவிடும். ஒரு தோட்டத்தில் அதை நம்பித் தோண்டி, அடியில் ஒன்றுமே இல்லாமல் நின்றிருக்கிறேன். அந்தப் பயத்தில் சின்னதையே மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

அங்கே மோட்டார் ரூம் இருந்த அடையாளமே இல்லை. சேறும் வேரோடு சாய்ந்த காப்பிச் செடிகளும்தான். ரூம் இருந்ததாக நினைத்த இடத்தில் ஊர்க்காரர்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த விவசாயியின் மனைவி கையில் செல்போனோடு மழையில் நின்றார்.

"ரிங் போயிட்டேதான் இருந்துச்சுங்க்கா. இப்ப ஸ்விட்ச் ஆப்னு வருது" என்றார். ஓடை போட்ட இரைச்சலில் அந்த ரிங் யாருக்கும் கேட்டிருக்கவில்லை.

நான் மெஷினை ஆட்டியதும் சத்தம் வந்தது. ஓடி வந்து வெட்டினார்கள். முள்கம்பித் துண்டு. அடுத்த சத்தத்துக்கு ஒரு நசுங்கிய வாளி. இன்னொன்றுக்குச் செருப்பு பக்கிள். என் ஒவ்வொரு சத்தத்துக்கும் அத்தனை பேரும் ஓடி வருகிறார்கள், ஒவ்வொரு தடவையும் நேரம் போகிறது. சின்ன காயில் மேலே கிடக்கும் குப்பையைத்தான் காட்டுகிறது, அவர் இருக்கும் ஆழத்துக்கு அது போகவே போகாது என்று புரிந்தது.

பெரியதை மாட்ட வேண்டும். ஆனால் சுற்றி அத்தனை மண்வெட்டியும் கடப்பாரையும் இருந்தால் அது அவற்றைப் பார்த்தே கத்தும். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு விலகி நிற்க வேண்டும். உள்ளே ஒரு மனிதர் மூச்சுக்குத் தவிக்கும்போது தோண்டாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? நான் நினைப்பது தப்பாக இருந்தால்?

சொல்லிவிட்டேன். அவருடைய அண்ணன் மண்வெட்டியோடு என் முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க, தோண்டறத நிறுத்தச் சொல்றீங்களா? உள்ள கெடக்கறது எந் தம்பிங்க!"

அந்த மனைவிதான் சொன்னார். "மாமா, அவங்க கேக்கற மாதிரி தள்ளி நில்லுங்க. நாம வெட்டுன எடத்துல அவரு இல்லீங்களே."

எல்லோரும் மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். நான் காயிலை மாற்றினேன். திருகு சேற்றில் விழுந்து, துழாவி எடுத்தேன். மண்ணின் கத்தல் அடங்கும்வரை சென்ஸிட்டிவிட்டியைக் குறைத்தேன். குறைக்கக் குறைக்க அது எட்டும் ஆழமும் குறையும், அது வேறு பயம். மேலே சரிவிலிருந்து சின்னச் சின்னக் கற்கள் உருண்டு வந்துகொண்டிருந்தன.

ஆட்கள் வெட்டிய இடத்தைத் தாண்டி, ஓடைப் பக்கம் தள்ளி, அகலமாக ஒரு சத்தம் வந்தது. கூப்பிட்டேன். வெட்டினார்கள். மோட்டார் ரூமின் தகரக் கூரை! ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். அடியில் வெறும் சேறு.

அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அந்த மனைவி என் தோளைத் தொட்டார். "இன்னும் பாருங்க்கா. நிறுத்தாதீங்க."

தகரம் லேசானது, மண்ணோடு மிதந்து வந்திருக்கும். மோட்டார் மாதிரிக் கனமான சாமான் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று தோன்றியது. தகரத்துக்கும் பழைய இடத்துக்கும் நடுவே திரும்பவும் ஆட்டிக்கொண்டே ஏறினேன். காயில் கனத்தில் தோள் விட்டுப்போனது. ஒரு பலா மரத்தின் வேரருகே சத்தம் வந்தது. இந்தத் தடவை கீச்சென்று இல்லை. தாழ்வாக, நீளமாக, காயிலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தினாலும் விடாமல் வந்தது.

"இங்க" என்றேன். கையை ஆட்டி எல்லோரையும் கூப்பிட்டேன்.

இடுப்பளவு வெட்டியதும் இரும்பு தட்டுப்பட்டது. அதன் பிறகு கையால்தான் மண்ணை அள்ளினார்கள். மோட்டார் ரூமின் இரும்புக் கதவு, மோட்டார் மேல் சாய்ந்து கிடந்தது. அதை நெம்பித் தூக்கியபோது உள்ளேயிருந்து யாரோ இருமினார்கள்.

கதவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஓர் ஆள் முடங்கிக் கிடக்கும் அளவுக்கு இடம் இருந்திருக்கிறது. ஒரு கால் நசுங்கியிருந்தது. கட்டிலில் வைத்துத் தூக்கி ஓடினார்கள். அதற்குள் மரத்தை அறுத்து வழி விட்டிருந்ததால் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்க முடிந்தது. காலை எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு போனதும் நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அந்த அம்மா கூப்பிட்டு, அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவர் கைத்தடியோடு வாசல்வரை வந்தார். அதிகம் பேசாத மனிதர். காப்பி குடித்து முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வெட்டற சத்தம் எனக்குக் கேட்டுட்டே இருந்துச்சுங்க. நொம்ப நேரம். அதை வெச்சுத்தான் மூச்சப் புடிச்சுட்டு இருந்தேன். அப்பறம் திடீர்னு நின்னு போச்சு. சரி, நம்மள விட்டுட்டு ஊட்டுக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொன்னது நான்தான். இன்னொரு முறை அப்படி ஒரு காலை வந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் யாரையாவது கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், நாம் நல்லதுக்கு என்று நினைக்கும் அந்த அமைதி, எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு என்னவாகக் கேட்கும் என்று ஒரு கணம் நின்று யோசிக்கிறேன்.