தபசுக்கு முந்திய படம்

எங்கள் வீட்டில் எந்தப் படத்துக்குப் போவது என்று முடிவு செய்தவள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை அது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. திண்டுக்கல்லில் எங்கள் தெருப் பெண்கள்கூட, "ஏத்தா, இந்த வாரம் எது தேவலாம்?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் தலையில் பூ வைப்பார்கள்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வருஷத்துக்கு நாலு படம் என்பது அவர் போட்ட சட்டம். அதில் தபசு காலத்துக்கு முன்னால் பார்க்கிற படம்தான் பெரிய படம். தபசு என்றால் ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள். வேதக்காரர் வீடுகளில் அந்த நாட்களில் கறி கிடையாது, கல்யாணம் கிடையாது, சினிமா கிடையவே கிடையாது. நெற்றியில் சாம்பல் பூசும் புதன்கிழமைக்கு முன்னால் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அதையே நாற்பது நாளும் பேசித் தீர்க்க வேண்டும். மற்ற மூன்றில் நான் கோட்டைவிட்டாலும் மன்னிப்பு உண்டு. இதில் கிடையாது.

எனக்கென்று ஒரு முறை இருந்தது. ஜட்காவில் மேளம் அடித்துக்கொண்டு நோட்டீஸ் வீசிப் போவார்கள். அதில் "சிரிப்பு, சண்டை, நடனம் நிறைந்தது" என்று போட்டிருந்தால் கதை இல்லை என்று அர்த்தம். கதை வைத்திருக்கிறவன் எதற்கு இதையெல்லாம் எண்ணிக் காட்டுகிறான்? பாட்டுப் புஸ்தகத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். ஆனால் சரியான இடத்தில் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று கழுத்தை அறுத்துவிடுவான். அதனால் அதையும் நான் நம்புவதில்லை. நான் நம்பியது மாட்டினி விட்டு வெளியே வரும் பெண்களை. தையல் வகுப்பு முடிந்து வரும் வழியில் தியேட்டருக்கு எதிரே செத்த நேரம் நிற்பேன். வரும்போதே "ராத்திரிக்கு என்ன வெஞ்சனம்?" என்று பேசிக்கொண்டு வந்தால் படம் தேறாது. மூக்கு சிவந்து, முந்தானை நனைந்து, ஒருத்தியோடும் பேசாமல் நடந்தார்கள் என்றால் அதுதான் படம். அழவைக்காத படத்துக்கு எதற்கு ஒரு டிக்கெட்?

அந்த வருஷம் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஈஸ்டர் கழிந்த மறுவாரம் கல்யாணப் பூசை. மாப்பிள்ளை வீடு நத்தம் பக்கம் ஒரு கிராமம். அவருக்கு அப்பா இல்லை. புளியந்தோப்பு, மாந்தோப்பு எல்லாம் அம்மாதான் பார்த்துக்கொண்டார்கள். நிச்சயத்தன்று அந்த அம்மா நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. நல்ல உயரம், கட்டைக் குரல். அதற்கே அக்கா கொஞ்சம் மிரண்டு போயிருந்தாள். எங்களோடு அவள் பார்க்கப் போகும் கடைசிப் படம் என்பதால் என் பொறுப்பு இரண்டு மடங்காகிவிட்டது.

ஊரில் இரண்டு படம் ஓடின. ஒன்று சிரிப்பு. இன்னொன்றிலிருந்து வந்த பெண்களைப் பார்க்க வேண்டுமே, அம்மம்மா! ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றே அழுதாள். அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

"சிரிப்புப் படத்துக்குப் போவமே," என்றாள் அக்கா.

"உனக்கென்ன தெரியும்? பேசாம வா."

செவ்வாய்க்கிழமை மாட்டினிக்குப் போனோம். எத்தனை பேர் அழுதார்கள் என்று பார்த்தேனே ஒழிய, எதற்காக அழுதார்கள் என்று ஒருத்தியிடமும் நான் கேட்டிருக்கவில்லை. கதை இதுதான்: டவுனில் வளர்ந்த ஒரு பெண் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். மாமியார் அவளைப் பட்டினி போடுகிறாள், சூடு வைக்கிறாள், கடைசியில் மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். அந்தப் பெண் செத்துப்போகிறாள். பெண்கள் பக்கம் முழுக்க ஒரே ஒப்பாரி. நானும் அழுதேன். அழுதுகொண்டே, எப்படி என் தேர்வு என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "எனக்குக் கல்யாணம் வேண்டாம்," என்றாள்.

அப்பா முதலில் சிரித்தார். மறுநாள் சாம்பல் பூசிவிட்டு வந்தும் அவள் அதையே சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று பங்குச் சாமியார் பூசையில் ஊரறியச் சொல்லிவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது. பெண்ணுக்குச் சம்மதம் இல்லை என்றால் சனிக்கிழமைக்குள் சாமியாரிடம் சொல்லியாக வேண்டும். அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

"ஏ கழுத, நாலு படத்துல ஒண்ண ஒழுங்காப் பாத்து எடுக்கத் தெரியல, உனக்கு அம்புட்டுப் பேரு!" என்று அப்பா என்மேல் பாய்ந்தார்.

ஆனாலும் படம் நல்ல படம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை இன்றைக்கும் சொல்வேன்.

சனிக்கிழமை காலை அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சாமியாரைப் பார்க்கக் கிளம்புகிற நேரத்தில், வாசலில் அந்த அம்மா வந்து நின்றார்கள், மாப்பிள்ளையின் அம்மா. மண்டிக்குப் புளி போட வந்தவர்கள், எங்களுக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார்கள். அம்மா காப்பி கொடுத்தாள். அப்பா சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். எனக்குத்தான் பொறுக்காதே.

"எங்க அக்காவுக்கு உங்களக் கண்டா பயமா இருக்காம். படத்துல மாமியாக்காரி சூடு வச்சா, அதப் பாத்துட்டுக் கல்யாணம் வேணாங்குது."

அம்மா என் முதுகில் வைத்தாள் ஒன்று. அந்த அம்மாவோ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்கள்.

"எந்தப் படம்? கடைசியில மழையில செத்துப்போறாளே, அதா?"

"ஆமா."

"போன வாரம் புளி போட வந்தப்ப நானும் பாத்தேன். அழுதுக்கிட்டு வெளிய வாரேன், எதிர்த்தாப்புல நீ நின்னு மொறச்சு மொறச்சுப் பாத்துக்கிட்டிருக்க. சம்மந்தி வீட்டுப் புள்ள கண்டுரக் கூடாதேன்னு முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டு ஓடுனேன்."

என் முறைக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்! ஆனால் அதைச் சொல்லுகிற நேரம் அது இல்லை. அக்கா உள் அறையிலிருந்து எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க யாருக்காக அழுதீங்க?" என்று கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்குத்தான். மாமியாளுக்கா அழுவாக? ஏத்தா, நானும் ஒரு வீட்டுக்கு மருமகளாப் போனவதான். சூடெல்லாம் வைக்கல. ஆனா ஏழு வருசம் உக்காந்து ஒரு வாய் தின்னதில்ல. அடுப்படியில நின்னுக்கிட்டே தின்னுட்டு வேலைக்கு ஓடணும். அதெல்லாம் நெனப்பு வந்துருச்சு." அந்தக் கட்டைக் குரல் கொஞ்சம் உடைந்தது. அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அக்கா கீழே இருந்த டம்ளரை எடுத்து அவர்கள் கையில் கொடுத்தாள். பிறகு, "உங்க பக்கம் கொட்டகை இருக்கா?" என்றாள்.

"டெண்டுக் கொட்டகை வரும். அறுப்பு முடிஞ்சு போட்டான்னா மழை வரைக்கும் இருக்கும்."

"எந்தப் படம் நல்லா இருக்கும்னு யாரு சொல்லுவா?" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"யாரு சொல்லணும்? வந்த படத்தைப் பாக்கணும். இதுல போயி எதத் தேடுறது?"

அக்கா சிரித்துவிட்டாள். நாலு நாளுக்குப் பிறகு சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று. மறுநாள் ஓலை வாசித்தார்கள்.

கல்யாணமாகி இரண்டு மாதம் கழித்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் ஆசையாகக் கேட்பாள் என்று அதுவரை விழுந்த நோட்டீஸ்களையெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அவள் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. டெண்டுக் கொட்டகைக்கு வந்த அத்தனை படத்தையும் பார்த்துவிட்டாளாம், மாமியாரோடு மணலில் உட்கார்ந்து.

"அத்தை அழ ஆரம்பிச்சாகன்னா எனக்கும் வந்துருது," என்று சொல்லிச் சிரித்தாள்.

அவள் நன்றாக இருந்தாள். அதற்குத்தானே நாங்கள் அத்தனை பேரும் தவித்தோம். ஆனாலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. அடுத்த வாரம் திருவிழாப் படத்துக்கு, "எதுக்குப் போகலாம், சொல்லு," என்று அப்பா தாமாகவே வந்து கேட்டார்.

"எதுக்கு வேணா போங்க. நான் வரல," என்றேன்.